உழைப்பவர் மேடை – 7: அரங்கத்தைப் பூட்டிய இரவு

சென்ற இதழில், பெர்லின் போலீஸ் தடை செய்த 'நெசவாளர்கள்' நாடகத்தைப் பார்த்தோம். 1844-ல் சிலேசியாவில் கிளர்ந்தெழுந்த கைத்தறி நெசவாளர்களின் கதை அது. பட்டினி கிடந்த ஓர் ஊரையே கதாநாயகனாக்கினார் கெர்ஹார்ட் ஹாப்ட்மான். ஆனாலும் பசித்தவர்கள் மேடைமேல் இருந்தார்கள், டிக்கெட் வாங்கியவர்கள் எதிரே இருட்டில் அமர்ந்திருந்தார்கள். இரக்கப்படலாம், கண் கலங்கலாம், பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

அந்தச் சௌகரியத்தை 1930-களின் நியூயார்க் பறித்துக்கொண்டது. அங்கே நடிகர்களே வேலையில்லாமல் நின்றார்கள். மேடையும் ஒரு வேலைத்தலம்தான், அங்கும் கூலி உண்டு, முதலாளி உண்டு, கதவடைப்பு உண்டு என்ற உண்மையை மறைக்காமல் நாடகம் போட்டார்கள். 1935 ஜனவரியில் ஓர் இரவு, 1937 ஜூனில் ஓர் இரவு. இந்த அத்தியாயம் அந்த இரண்டு இரவுகளைப் பற்றியது.

வேலையில்லாதவர்களின் நகரம்

1929 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் பங்குச்சந்தை சரிந்தது. 1933 வாக்கில் அமெரிக்காவில் உழைக்கக்கூடியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. வங்கிகள் மூடின. ரொட்டிக்கும் சூப்புக்கும் நடைபாதையில் வரிசை நின்றது. நாடகத் தொழிலுக்கு இது இரட்டை அடி. சினிமா அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தது. ஊர் ஊராகப் போன கம்பெனிகள் கலைந்தன. அரங்குகள் சினிமாக் கொட்டகைகளாயின. நடிகர், ஒப்பனைக்காரர், தச்சர், விளக்குக்காரர், வாத்தியக்காரர் என்று ஒரு தொழிலே தெருவுக்கு வந்தது.

பிராட்வேயின் பகட்டு விளக்குகளுக்குத் தெற்கே, 14-வது தெருவில் 'சிவிக் ரெப்பர்டரி' என்ற பழைய அரங்கம் இருந்தது. 'தியேட்டர் யூனியன்' என்ற குழு அதை வாடகைக்கு எடுத்து, தொழிலாளர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் நாடகம் போட்டது. 1934-ல் அங்கே நடந்த 'ஸ்டீவடோர்', நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் கறுப்பினத் தொழிலாளர்களின் கதை. உரிமை கேட்ட ஒருவர்மீது பொய்க் குற்றம் சுமத்தி வேட்டையாட வருகிறார்கள். கடைசியில் வெள்ளையினச் சங்கத் தோழர்கள் துணைக்கு வந்து சேர்கிறார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில், ஒரு பத்திரிகைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியில், அதே மேடையில்தான் நம் முதல் நாடகம் ஏறியது.

மேடையில் ஒரு சங்கக் கூட்டம்

நாடகத்தின் பெயர் 'லெஃப்டிக்காகக் காத்திருக்கிறோம்'. எழுதியவர் க்ளிஃபோர்ட் ஓடெட்ஸ். வயது 28. 'குரூப் தியேட்டர்' என்ற நாடகக் குழுவில் சின்னச் சின்ன வேடங்கள் கட்டிக்கொண்டிருந்தவர். ஹெரால்ட் கிளர்மன், செரில் கிராஃபோர்ட், லீ ஸ்ட்ராஸ்பெர்க் ஆகிய மூவரும் 1931-ல் தொடங்கிய குழு அது. நட்சத்திர நடிகர் என்று யாரும் கிடையாது, எல்லோரும் சேர்ந்தே வேலை செய்வது என்பது அவர்கள் கொள்கை.

1934 பிப்ரவரியில் நியூயார்க் டாக்சி ஓட்டுநர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். அதிலிருந்துதான் ஓடெட்ஸ் கருவை எடுத்தார். திரைச்சீலை இல்லை, அரண்மனை இல்லை, தோட்டம் இல்லை. வெறும் மேடையில் அரைவட்டமாகச் சில நாற்காலிகள். டாக்சி ஓட்டுநர் சங்கத்தின் கூட்டம் நடக்கிறது. ஸ்டிரைக்கா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும். எதிரே அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் சங்க உறுப்பினர்கள். டிக்கெட் வாங்கி வந்தவர், தான் கூட்டத்துக்கு வந்திருப்பதைக் கொஞ்ச நேரத்தில் உணர்கிறார்.

கூட்டத்தை நடத்துகிறவர் ஹாரி ஃபேட். சங்கத் தலைவர்தான், ஆனால் கம்பெனியின் ஆள். பக்கத்தில் துப்பாக்கியோடு ஓர் அடியாள். வெள்ளை மாளிகையில் இருப்பவர் நம் நண்பர், இப்போது ஸ்டிரைக் வேண்டாம், பொறுங்கள் என்கிறார் ஃபேட். இந்த இடம் கவனிக்கத் தக்கது. முதலாளியை வில்லனாக்குவது எந்த நாடகாசிரியருக்கும் கைவந்த வேலை. தொழிலாளியின் சொந்த வீட்டுக்குள்ளேயே, சங்கத்தின் பெயரிலேயே விலைபோனவர்கள் இருக்கிறார்கள் என்று மேடையில் சொல்லத் துணிவு வேண்டும். ஓடெட்ஸுக்கு அது இருந்தது.

லெஃப்டி என்ற போராட்டக் குழுத் தலைவர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் வரும்வரை குழுவினர் ஒவ்வொருவராக எழுந்து, தான் ஏன் ஸ்டிரைக் கேட்கிறேன் என்று சொல்கிறார்கள். அந்தக் கதைகள் சிறு காட்சிகளாக விரிகின்றன.

தவணையில் போன நாற்காலி

முதல் காட்சி ஜோ என்ற டாக்சி ஓட்டுநரின் வீடு. நாளெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு வருகிறார். வீட்டில் மேஜை நாற்காலிகளைக் காணோம். தவணைக்கு வாங்கியவை. முக்கால் பங்குக்குப் பணம் கட்டியாகிவிட்டது. மீதி கட்ட முடியாததால் கடைக்காரர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மனைவி எட்னா குழந்தைகளைச் சீக்கிரமே தூங்க வைத்துவிட்டாள். ஒரு வேளைச் சாப்பாடு தவறியது அவர்களுக்குத் தெரியக்கூடாது என்று.

எட்னா அழுதுகொண்டு உட்காரவில்லை. சண்டை பிடிக்கிறாள். வாடகை பாக்கி நிற்கிறது, நீ கொண்டுவரும் காசு போதவில்லை, சங்கத்தில் ரவுடிகள் இருக்கிறார்கள் என்றால் எல்லோருமாகச் சேர்ந்து அவர்களை விரட்டுங்கள் என்கிறாள். உன்னால் முடியாவிட்டால், முன்பு என்னை விரும்பிய இன்னொருவனோடு போய்விடுவேன் என்று மிரட்டும் அளவுக்குப் போகிறாள். ஜோ வெகுண்டு எழுந்து லெஃப்டியைத் தேடி ஓடுகிறார். முதலாளியோ கணக்கப்பிள்ளையோ அந்தக் காட்சியில் தலைகாட்டவே இல்லை. ஆனாலும் கூலிக்குறைப்பு ஒரு தாம்பத்தியத்துக்குள் புகுந்து என்ன செய்கிறது என்பதை, நாற்காலி போன இடத்தின் வெறுமையிலேயே பார்க்க முடிகிறது.

அடுத்தது ஆய்வுக்கூட உதவியாளர் மில்லரின் கதை. சம்பள உயர்வு தருகிறேன், நச்சுவாயு ஆராய்ச்சிக்கு மாறு, உன்னோடு வேலை செய்யும் விஞ்ஞானியை வேவுபார்த்து எனக்குச் சொல் என்கிறார் முதலாளி ஃபேயெட். போன யுத்தத்தில் உறவைப் பறிகொடுத்தவர் மில்லர். பதிலாக முதலாளியின் வாயில் ஒரு குத்து விடுகிறார். இன்னொரு காட்சியில், யூதர் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து நீக்கப்படுகிறார் இளம் டாக்டர் பெஞ்சமின். அவர் செய்திருக்க வேண்டிய அறுவைச் சிகிச்சையை ஒரு செனட்டரின் உறவுக்காரர் செய்கிறார். இலவச வார்டில் படுத்திருந்த ஏழைப் பெண் மேஜையிலேயே இறந்துபோகிறாள். படித்தவர்களும் டாக்சி ஓட்ட வந்தது எப்படி என்பதற்கு இவை விடை.

இடையில் ஒருவர் எழுந்து, ஃபிலடெல்பியாவில் ஸ்டிரைக் செய்து தோற்றோம், உங்களுக்கும் அதே கதிதான் என்று பயமுறுத்துகிறார். உடனே அரங்கின் உள்ளிருந்து, பார்வையாளர்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல். ஓடிவந்து மேடையேறி, இவன் கம்பெனியின் ஒற்றன், கருங்காலி என்று பெயரோடு அம்பலப்படுத்துகிறது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அவன் என் கூடப்பிறந்தவன் என்கிறது.

கடைசியில் ஏகேட் கெல்லர் பேசுகிறார். அந்த வேடத்தில் எலியா கசான். கான்ஸ்டான்டிநோபிளில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்கா வந்தவர். அவரை உண்மையான டாக்சி ஓட்டுநர் என்றே பலர் நம்பினார்கள். பேச்சின் நடுவே ஒருவன் ஓடிவருகிறான். லெஃப்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள், தலையில் குண்டு பாய்ந்து இறந்து கிடக்கிறார். இனி யாருக்காகக் காத்திருப்பது? ஏகேட் அரங்கத்தைப் பார்த்துக் கேள்வியை வீசுகிறார். அன்றிரவு அதற்குப் பதில் சொன்னது நடிகர்கள் மட்டுமல்ல. அரங்கம் முழுவதும் எழுந்து நின்று 'ஸ்டிரைக்' என்று முழங்கியது.

காட்சியமைப்புக்குச் செலவே இல்லாததால் நாடகம் வேகமாகப் பரவியது. சங்கக் கட்டடங்களிலும் சிறு ஊர் மன்றங்களிலும் நடித்தார்கள். சில நகரங்களில் அதிகாரிகள் தடுத்தார்கள். அதே 1935 மார்ச் 26-ல் பிராட்வேயின் லாங்கேகர் அரங்கிலும் அது ஏறியது. ஜூலையில், தொழிலாளர்கள் சங்கம் அமைக்கவும் கூட்டுப் பேரம் பேசவும் உரிமை தரும் வாக்னர் சட்டம் வந்தது. நாடகம் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. இரண்டும் ஒரே கோபத்தில் பிறந்தவை என்று சொல்லலாம்.

அரசே முதலாளியானபோது

1935 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட் அரசு, தன் வேலைவாய்ப்புத் திட்டமான டபிள்யூ.பி.ஏ.வின் கீழ் 'ஃபெடரல் தியேட்டர் புராஜெக்ட்' என்ற அமைப்பைத் தொடங்கியது. வேலையில்லாத நாடகக் கலைஞர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்து நாடகம் போடச் சொன்னது. தலைவர் ஹாலி ஃபிளனகன், வாசர் கல்லூரியில் நாடகம் கற்பித்தவர். நியூயார்க்கில் ஒரு நடிகருக்கு வாரச் சம்பளம் ஏறத்தாழ 23 டாலர். சொற்பம்தான், ஆனால் அடுப்பு எரிந்தது.

அதன் ஒரு பிரிவை நடத்தியவர்கள் தயாரிப்பாளர் ஜான் ஹவுஸ்மனும் இயக்குநர் ஆர்சன் வெல்ஸும். வெல்ஸுக்கு அப்போது 22 வயது. அவர்கள் கைக்கு ஓர் இசை நாடகம் வந்தது. 'தொட்டில் ஆடும்'. எழுதி இசையமைத்தவர் மார்க் பிளிட்ஸ்டைன். பாரிஸில் நாதியா பூலான்ஜேயிடமும் பெர்லினில் ஷோன்பெர்க்கிடமும் பயின்றவர். தெருவில் உடலை விற்கும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதிய பாட்டை ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் கேட்டார். விலைபோவது அவள் ஒருத்தி மட்டும்தானா, மற்றத் தொழில்காரர்களையும் எழுதக்கூடாதா என்று தூண்டினார். அதிலிருந்து முழு நாடகமே விரிந்தது. பிரெக்டுக்கே அதைக் காணிக்கையாக்கினார் பிளிட்ஸ்டைன்.

ஊரின் பெயர் ஸ்டீல்டவுன். எஃகு ஆலை, பத்திரிகை, தேவாலயம், கல்லூரி எல்லாமே மிஸ்டர் மிஸ்டர் என்ற ஒரே முதலாளியின் பிடியில். இரவு நீதிமன்றத்தில் கதை தொடங்குகிறது. தெருப்பெண் மோல் கைதாகி வந்திருக்கிறாள். முதலாளியை ஆதரிக்கும் 'சுதந்திரக் குழு'வின் பெரிய மனிதர்களையும் ஒரு போலீஸ்காரர் தவறுதலாகப் பிடித்து வந்துவிடுகிறார். அவர்கள் ஒவ்வொருவரும் என்ன விலைக்குப் போனார்கள் என்று முன்கதைகள் சொல்கின்றன. பாதிரியாரின் பிரசங்கம், முதலாளியின் மனைவி தரும் நன்கொடைக்கு ஏற்ப 1915-ல் சமாதானம், 1917-ல் யுத்தம் என்று மாறுகிறது. பத்திரிகை ஆசிரியர் எழுத வேண்டியதை முதலாளி சொல்கிறார். இயந்திரத்தில் விழுந்த தொழிலாளி குடித்திருந்தான் என்று டாக்டர் சான்று தருகிறார்.

எல்லாவற்றிலும் கொடுமை மருந்துக்கடைக்காரர் ஹாரியின் கதை. சங்கத்து ஆள் ஒருவரைக் குண்டு வைத்துக் கொல்ல ஏற்பாடு நடக்கிறது. ஹாரிக்கு அது தெரியவருகிறது. வாயைத் திறந்தால் கடைமேல் உள்ள அடமானக் கடனை வைத்து நெரிப்பார்கள். பேசாமல் இருக்கிறார். கடைசி நொடியில் அவருடைய மகனே எச்சரிக்க ஓடி, அந்த வெடிப்பில் இறந்துபோகிறான். அதன்பின் கடையும் அவரிடம் நிற்கவில்லை. நீதிமன்ற பெஞ்சில் குடிகாரராக உட்கார்ந்து மோலுக்கு ஊர்க்கதை சொல்பவர் அவர்தான். இத்தனை பேருக்கு நடுவே விலைபோகாமல் நிற்கிறவர் சங்க அமைப்பாளர் லாரி ஃபோர்மேன்.

1937 ஜூன் 16

நாடகம் ஒத்திகையில் இருந்தபோதே நாடு அதை நிஜத்தில் நடத்திக்கொண்டிருந்தது. ஃப்ளின்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடி 1937 பிப்ரவரியில் வென்றார்கள். மே 30-ல் சிகாகோவில் ரிபப்ளிக் ஸ்டீல் ஆலைக்கு எதிரே ஊர்வலம் போன தொழிலாளர்கள்மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் அரசாங்கச் செலவில் ஓர் எஃகு ஆலை ஸ்டிரைக் நாடகம் மேடையேற இருந்தது.

வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. நிதிக் குறைப்பு நடக்கிறது, ஆகவே ஜூலை 1 வரை புதிதாக எந்த நாடகமும் தொடங்கக் கூடாது. எந்த நாடகத்தைக் குறிவைத்து வந்த உத்தரவு என்பதில் குழுவினருக்குச் சந்தேகமே இல்லை. 39-வது தெருவிலிருந்த மாக்ஸின் எலியட் அரங்கில் காவலர்கள் நிறுத்தப்பட்டார்கள். வெல்ஸ் ஆசையாக அமைத்த காட்சித் தட்டுகள், உடைகள் எல்லாம் பூட்டுக்குள் போயின.

வேறு அரங்கில் நடத்தலாம் என்றால் இன்னொரு சிக்கல். தயாரிப்பாளர் மாறினால் அனுமதியில்லாமல் நடிகர்கள் மேடையேறக் கூடாது என்றது நடிகர் சங்கம். தனியார் அரங்கு என்றால் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றது வாத்தியக்காரர் சங்கம். சங்கத்தின் பெருமையைப் பாடும் நாடகத்துக்குச் சங்க விதியே குறுக்கே நின்றது. ஆனால் அந்த விதிகள் கலைஞர்களைச் சுரண்டலிலிருந்து காக்கப் பிறந்தவை. அவற்றை மீறவும் குழுவினருக்கு மனமில்லை.

கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. மேடையேறக் கூடாது என்றுதானே விதி? பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, எழுந்து நின்று பாடினால் யார் தடுப்பார்? பிளிட்ஸ்டைன் மட்டும் மேடையில் பியானோ வாசிப்பார். யாருமே பாடாவிட்டால் எல்லாப் பாட்டையும் அவரே பாடிவிடுவார். ஜீன் ரோசன்தால் என்ற இளம் தொழில்நுட்பக் கலைஞர் வாடகைப் பியானோ ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு, எங்கே இறக்குவது என்ற தகவலுக்காக நகரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். மாலை நெருங்கும் வேளையில்தான் வெனிஸ் தியேட்டர் கிடைத்தது. இருபது தெரு தாண்டி, வடக்கே. வாசலில் நின்றிருந்த கூட்டம் நடந்தே புறப்பட்டது. வழியில் கண்டவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

திரை உயர்ந்தது. வெற்று மேடையில் கோட்டைக் கழற்றிவிட்டு ஒருவர் பியானோ முன்னால். பிளிட்ஸ்டைன் மோலின் முதல் பாட்டைத் தொடங்கினார். சில சொற்கள் போயிருக்கும். இடப்புறப் பாக்ஸிலிருந்து மெல்லிய ஒரு பெண்குரல் கூடச் சேர்ந்தது. விளக்குக்காரர் ஒளியைத் திருப்பித் தேடினார். மோலாக நடிக்க வேண்டிய ஆலிவ் ஸ்டான்டன் நடுக்கத்தோடு எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார். பிளிட்ஸ்டைன் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்தப் பெண் புகழ்பெற்றவர் அல்லர். நிவாரணப் பட்டியலில் பெயர் இருந்ததால் அரசுச் சம்பளம் பெற்றவர். அவர் எழுந்து நின்றால் அந்த 23 டாலரும் போகலாம். யாரும் அவரை வற்புறுத்தவில்லை. வரச் சொல்லவும் இல்லை. முதலில் எழுந்தவர் அவர்தான் என்பதை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. பிறகு ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒவ்வொரு குரல் எழுந்தது. வராத நடிகர்களின் பாகத்தைப் பிளிட்ஸ்டைனும் மற்றவர்களும் பகிர்ந்துகொண்டார்கள். பக்கத்து இருக்கைக்காரரே திடீரென்று எழுந்து கதாபாத்திரமாகிவிட, பார்வையாளர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மேடைக்கும் அரங்குக்கும் நடுவே ஓடெட்ஸ் திட்டமிட்டு அழித்த கோடு, இங்கே வேறு வழியில்லாமல் அழிந்தது.

ஹவுஸ்மன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வெல்ஸ் விலகினார். இருவரும் அதே ஆண்டு 'மெர்குரி தியேட்டர்' தொடங்கினார்கள். நாடகம் 1938-ல் வின்ட்சர் அரங்கில் 100 காட்சிகளுக்கு மேல் ஓடியது. அப்போதும் காட்சித் தட்டு கிடையாது, ஒரே பியானோதான்.

தையல்காரர்கள் மேடையேறினார்கள்

அடுத்த படி தானாக வந்தது. தொழிலாளியாக நடிப்பதற்குப் பதில் தொழிலாளியே நடித்தால்? பெண்கள் ஆடைத் தொழிலாளர்களின் பன்னாட்டுச் சங்கம் 1937 நவம்பர் 27-ல் 'குண்டூசிகளும் தையலூசிகளும்' என்ற இசை நாடகத்தை மேடையேற்றியது. பாடல்கள் ஹெரால்ட் ரோம். துணி வெட்டுபவர்களும் தையல் இயந்திரம் ஓட்டுபவர்களும்தான் நடிகர்கள். வேலை முடிந்த மாலைகளில் ஒத்திகை பார்த்தவர்கள். வார இறுதிக்கு மட்டும் என்று தொடங்கியது, 1,108 காட்சிகள் ஓடியது. கோபத்தோடு சிரிப்பையும் கலந்து கொடுத்தது அதன் வெற்றி.

விலை கேட்ட காலம்

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1938 டிசம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழு ஹாலி ஃபிளனகனை அழைத்து விசாரித்தது. நான்கு நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த ஆங்கில நாடகாசிரியர் மார்லோவின் பெயரை அவர் சொன்னபோது, அவரும் கம்யூனிஸ்டா என்று ஓர் உறுப்பினர் கேட்ட சம்பவம் அங்கேதான் நடந்தது. 1939 ஜூன் 30-ல் நிதியை நிறுத்தி ஃபெடரல் தியேட்டரை மூடினார்கள்.

போருக்குப் பின் விசாரணைகள் இன்னும் கடுமையாயின. கம்யூனிஸ்ட் நண்பர்களின் பெயர்களைச் சொல், சொன்னால் வேலை உண்டு என்பதுதான் பேரம். 1952-ல் எலியா கசான் பெயர்களைச் சொன்னார். க்ளிஃபோர்ட் ஓடெட்ஸும் சொன்னார். ஒருவர் சொன்ன பட்டியலில் மற்றவர் பெயரும் இருந்தது. 'தொட்டில் ஆடும்' நாடகத்தில் முதலாளியாக நடித்த வில் கியரும், லாரி ஃபோர்மேனாக நடித்த ஹோவர்ட் டா சில்வாவும் 1951-ல் பதில் சொல்ல மறுத்தார்கள். இருவருக்கும் சினிமாவில் வேலை நின்றுபோயிற்று. மேடையில் ஒருவர் விலை கொடுப்பவர், மற்றவர் விலைபோகாதவர். வாழ்க்கையில் இருவருமே விலைபோகவில்லை.

இந்த நாடகங்களுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. மிஸ்டர் மிஸ்டர் என்ற பெயரே ஒரு கேலிச்சித்திரம். முதலாளிக்கும் மனம் உண்டு என்பதை இவை காட்ட முனையவில்லை. ஓடெட்ஸின் பெண்கள் வீட்டுக்குள்ளேயே நிற்கிறார்கள். 'ஸ்டீவடோர்' தொட்ட நிறவெறியை அடுத்து வந்த இரண்டு நாடகங்களும் ஆழமாகத் தொடவில்லை. ஹார்லெமில் லாங்ஸ்டன் ஹியூஸ் 1938-ல் தனியாக ஒரு நாடகக்குழு தொடங்கித்தான் அதைப் பேச வேண்டியிருந்தது.

இருந்தும் இந்த நாடகங்கள் கண்டுசொன்ன உண்மை இன்றும் நிற்கிறது. முதலாளித்துவம் ஆலை வாசலோடு நின்றுவிடுவதில்லை. பாதிரியார், டாக்டர், பத்திரிகைக்காரர், நடிகர் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து, உன் விலை என்ன என்று கேட்கிறது. தனியாக இருக்கும்போது பதில் சொல்வது கடினம். அதனால்தான் அந்தக் காலத்து நாடகங்கள் எல்லோரையும் ஒன்றாக எழுப்பி நிறுத்தப் பார்த்தன. அதற்கும் முதலில் யாராவது ஒருவர் எழ வேண்டியிருக்கிறது. ஆலிவ் ஸ்டான்டனை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டிய காரணம் அதுதான்.

போர் முடிந்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது. 1949 பிப்ரவரியில், அதே எலியா கசானின் இயக்கத்தில் வேறொரு தொழிலாளி மேடைக்கு வந்தார். அவருக்குச் சங்கம் இல்லை, தோழர்கள் இல்லை. கையில் இரண்டு மாதிரிப் பெட்டிகள், மனத்தில் கம்பெனி தன்னைக் கைவிடாது என்ற நம்பிக்கை. ஆர்தர் மில்லரின் விற்பனையாளர் வில்லி லோமனை அடுத்த இதழில் சந்திப்போம்.

(தொடரும்)